மூணு லட்சமும் ஒரு கல்பாசிப் பாக்கெட்டும்: பள்ளிப் பிள்ளைகளின் டிஎன்ஏ ஆராய்ச்சிக்கு எந்த வழி?

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் பேசினார். "டீச்சர், எங்க செட்டு சேர்ந்து மூணு லட்சம் திரட்டியிருக்கோம். லேபுக்கு ஒரு பிசிஆர் மிஷின் வாங்கிப் போட்டுருங்க. நம்ம புள்ளைங்களும் நிஜமான டிஎன்ஏ ஆராய்ச்சி பண்ணட்டும்." ஆசை நல்ல ஆசை. பணமும் வியர்வை சிந்திய பணம். ஆனால் 'மிஷின்' என்ற சொல் வந்ததும் எனக்குள் ஏதோ இடறியது. கொஞ்சம் டைம் கொடுங்கள், என்னென்ன வழி இருக்கிறது என்று எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது. இதே யோசனையில் பக்கத்துப் பள்ளிகளும் இருக்கலாம் என்பதால் பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் எங்கள் நிலவரம். காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தமிழ்வழிப் பள்ளி. பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பொதுத்தேர்வு தின்றுவிடும். அந்தப் பக்கம் கை வைத்தால் பெற்றோரே சண்டைக்கு வருவார்கள். மிச்சம் 9, 11 வகுப்புகள். ஜூலை முதல் டிசம்பர் வரை சனிக்கிழமைகள். காலாண்டுத் தேர்வு, தீபாவளி, மழை லீவு எல்லாம் போனால் கையில் நிற்பது பதினைந்து சனிக்கிழமை. பிள்ளைகள் இருபது பேர்.

'நிஜமான' என்ற சொல்லுக்கும் ஓர் அளவு வேண்டும். வாழைப்பழத்தைப் பிசைந்து, உப்பும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வடிகட்டி, ஜில்லென்ற ஸ்பிரிட்டை மெதுவாக ஊற்றினால் வெள்ளை நூலாக டிஎன்ஏ மிதந்து வரும். ஒவ்வொரு வருஷமும் செய்து காட்டுகிறேன். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். ஆனால் அது சமையல் குறிப்பு. எப்படி முடியும் என்று எனக்கும் தெரியும், புத்தகத்துக்கும் தெரியும். விடை யாருக்கும் தெரியாத கேள்வியாக இருந்தால்தான் அதை ஆராய்ச்சி என்பேன். கேள்வி சின்னதாக இருக்கலாம், பரவாயில்லை. இந்த அளவுகோலில் ஒருநாள் பயிலரங்கு, சான்றிதழோடு வரும் 'கிட்' வகையறா எல்லாம் முதல் சுற்றிலேயே கழிந்துவிடும்.

மிஷினை வாங்கிப் போடுவது

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு சிறு பகுதியை மட்டும் நகல் எடுக்கும் முறை. 95 டிகிரியில் இரட்டை இழை பிரியும். 50, 60 டிகிரிக்கு இறக்கினால் பிரைமர் என்ற குட்டித் துண்டுகள் சரியான இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். கேரி மல்லிஸ் 1983-இல் கண்ட யோசனை, 1993-இல் நோபல். மிஷினின் வேலை சூட்டை ஏற்றி இறக்குவது, அவ்வளவுதான்.

அது விலைக்குக் கிடைக்கும். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் அது மட்டும் மூணு லட்சத்தில் பாதியை விழுங்கியது. டிஎன்ஏ துண்டுகளைப் பிரித்துப் பார்க்க ஜெல் ஓட்டும் தொட்டி, பவர் பேக், நீல விளக்கு, டியூபைச் சுழற்றும் சென்ட்ரிபியூஜ், துளி அளக்கும் பிப்பெட் செட் என்று சேர்த்தால் மீதியும் போயிற்று. அப்புறம் நொதி? அதை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் போதாதா என்று கேட்பார்கள். இப்போது வரும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், பனி கட்டாமலிருக்க அவ்வப்போது தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும்; நொதிக்கு அது ஆகாது. அதோடு மே மாதம், மூன்று மணி நேர கரண்ட் கட், பூட்டிய பள்ளி. ஜூனில் திறந்து பார்த்தால் டப்பா இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மிஷின் இருக்கும் பள்ளியில் யாராவது ஒருவர், "ஜெல்லிமீன் ஜீனை பாக்டீரியாவுக்குள் ஏற்றிப் பச்சையாக ஒளிர வைப்போமே" என்று கிளம்புவார். மேல்நாட்டுப் பள்ளிகளில் அது சாதாரணப் பாடம். நம் நாட்டில் மரபணு மாற்றிய உயிர்களைக் கையாள 1989 விதிகள் இருக்கின்றன. நிறுவனத்துக்கென்று ஓர் உயிர்ப்பாதுகாப்புக் குழு வேண்டும். ஊர்ப் பள்ளி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் வேறு. இந்த வழியில் பணம் முழுக்க முதல் நாளே பொருளாகிவிடும். இரண்டாம் வருஷம் நொதி வாங்கக் காசு இருக்காது. எனக்கு மாறுதல் வந்தால் மிஷின் மேல் துணி போர்த்தி, அதன் மேல் குளோப் வைப்பார்கள். அப்படித் துணி போர்த்திய சாமான்களை நான் பல லேபில் பார்த்துவிட்டேன்.

பெட்டியடிப் பையன் வழி

இரண்டாவது யோசனையைச் சொன்னது என் கணவர். "நல்லாப் படிக்கிற ரெண்டு பேரை யுனிவர்சிட்டி லேப்ல கோடை லீவுக்குச் சேர்த்து விடேன்." பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, உயிர்த்தொழில்நுட்பத் துறையும் உயிரித் தகவலியல் துறையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் பஸ் தூரம்தான். மூலக்கூறு உயிரியலுக்கு அந்த இடத்துக்குப் பல பத்தாண்டுப் பெயர்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கடை நடத்திய காலத்தில் பையனைச் சின்ன வயதிலேயே கப்பல் ஏற்றிப் பெட்டியடிப் பையனாக உட்கார வைத்தார்கள். எடுபிடி வேலை, பேரேட்டைப் பார்த்துப் பழகுவது, பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். பக்கத்தில் உட்கார்ந்தே தொழில் ஏறிவிடும். ஆராய்ச்சியும் அப்படிப் பழகுகிற தொழில்தான். பிப்பெட்டைப் பிடிக்கும் கையைப் புத்தகம் கற்றுத் தராது.

ஆனால் பெட்டியடிப் பையன் வருஷக்கணக்கில் உட்கார்ந்தான். எங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது நாலு வாரம். அதில் முதல் வாரம் டியூப் கழுவுவதிலும் டிப் அடுக்குவதிலும் போகும். குற்றம் சொல்லவில்லை, ஆய்வு மாணவருக்கு அவருடைய தீசிஸ் அவசரம். பிள்ளை செய்வது அவருடைய கேள்வியில் ஒரு மூலை. அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று தெரிவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடும். இரண்டு பேர் போனால் பதினெட்டுப் பேர் இங்கே இருக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. அந்த இரண்டு பேர் யார்? எப்போதும் கை தூக்குகிறவர்கள், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுகிறவர்கள், அப்பா கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர முடிகிறவர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மசாலாவில் போடும் கல்பாசியைப் பற்றிக் கேட்ட பெண் அதில் வரமாட்டாள். அவள் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

யாராவது ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே வெறி பிடித்துவிட்டால் இந்த வழியை மறுக்கமாட்டேன். மூணு லட்சத்தை நம்பி எடுக்கும் திட்டமாக மட்டும் வேண்டாம்.

ஊருணித் தண்ணீரில் வைரஸ் தேடுவது

மனசுக்கு ரொம்பப் பிடித்த வழி இதுதான். பிடித்தது என்பதற்காகவே இரண்டு தடவை யோசித்தேன்.

பாக்டீரியாவைத் தின்னும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். மண், சாக்கடை, குளம் எங்கும் கோடி கோடியாகக் கிடக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து பிள்ளை பிடிக்கும் ஃபேஜ் இதுவரை உலகத்தில் யாரும் பார்க்காததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையும் பிடித்தவருக்கே. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுல் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே இதைத் தொடங்கினார். 2003-இல் 'செல்' இதழில் வந்த அவர்கள் கட்டுரையில் அந்தப் பிள்ளைகள் பிடித்த ஃபேஜ்களும் உண்டு. பிறகு 2008-இல் சீ-ஃபேஜஸ் என்ற பெயரில் அது கல்லூரிகளுக்குப் பரவியது.

இதில் எனக்கு மறக்காத சங்கதி ஒரு கத்திரிக்காய். 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி அழுகிய கத்திரிக்காயின் அடியில் ஒட்டியிருந்ததிலிருந்து ஒரு ஃபேஜைப் பிடித்தாள். மடி என்று பெயர் வைத்தார்கள். இங்கிலீஷில் சேறு படிந்தது என்று அர்த்தம். அது குளிர்பெட்டியில் கிடந்தது. 2018-இல் லண்டனில், நுரையீரல் மாற்றிய 15 வயதுப் பெண்ணுக்கு எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியத் தொற்று. மடியையும் இன்னும் இரண்டு ஃபேஜ்களையும் கலந்து ஏற்றினார்கள். புண்கள் ஆறின. 2019-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று, கத்திரிக்காய்க் குழம்பு கொண்டுவந்த பையன் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டான்.

ஊருக்கு ஓர் ஊருணி உள்ள சீமை இது. நாலு ஊர் ஊருணித் தண்ணீர், கோயில் மாட்டுத் தொழு மண், வீட்டு முற்றத்துச் சாக்கடை என்று பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு தொல்லை. ஃபேஜைப் பிடிக்க அதன் உணவான பாக்டீரியாவைத் தினமும் வளர்க்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் வளர்வேன் என்று அது ஒப்பந்தம் போடாது. இன்குபேட்டர் வேண்டும். கிருமி நீக்கத்துக்கு வேண்டுமானால் குக்கர் போதும். அடுப்படியில் விசிலடிக்கும் அழுத்தமும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பிடித்த ஃபேஜின் உருவத்தைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப், அதன் மரபணுத் தொகுதியைப் படிக்கத் தனிச் செலவு.

இதன் தம்பி ஒருவன் உண்டு: மண் பாக்டீரியாவில் புது ஆன்டிபயாடிக் தேடுவது. ஜோ ஹேண்டல்ஸ்மன் 2012-இல் யேலில் தொடங்கியது. இதைப் பள்ளியில் செய்யக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். தெரியாத மண்ணைத் தட்டில் தடவி இரண்டு நாள் கதகதப்பில் வைத்தால் எது கோடியாகப் பெருகியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஐசெஃப் என்ற சர்வதேசப் பள்ளி அறிவியல் போட்டியின் விதிகள் வீட்டில் நுண்ணுயிர் வளர்ப்பதையே தடை செய்கின்றன. டேப் ஒட்டி மூடிய தட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். திறந்து கிளறுவதற்குப் பயிற்சி பெற்றவரும் அதற்கான அறையும் வேண்டும்.

ஃபேஜ், ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் துறை தினமும் கை கொடுத்தால், இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் மட்டும்

சுருக்கமாகச் சொல்லலாம். ஜென்பேங்கில் உலகத்தின் டிஎன்ஏ வரிசைகள் இலவசமாகக் கிடக்கின்றன, ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் நிரலும் இலவசம். நம் அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆரின் திறந்த மூல மருந்து ஆய்வுத் திட்டம் 2010-இல், காசநோய்க் கிருமியின் சுமார் நாலாயிரம் ஜீன்களையும் பற்றி வெளிவந்ததைத் தொகுக்க மாணவர்களையே இணையம் வழியாகத் திரட்டியது. செலவு சுழியம், பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகமே போதும். ஆனால் திரையில் ஓடும் ஏ, டி, ஜி, சி எங்கிருந்து வந்தது என்று கையால் தொடாத பிள்ளைக்கு அது வெறும் எழுத்து. செய்துபார்த்தேன், மூன்றாம் வாரம் கொட்டாவி விட்டார்கள். தனி வழியாக இது நிற்காது. வேறொன்றின் வாலாக வந்தால் பிரமாதமாக இருக்கும்.

நான் சொல்லப்போகும் வழி

அதற்கு முன் நியூயார்க்கில் நடந்த ஒரு கதை. 2008-இல் இரண்டு பள்ளி மாணவிகள் ஊர் உணவகங்களிலும் கடைகளிலும் மீன் துண்டு 60 வாங்கி ஸ்பிரிட்டில் போட்டார்கள். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த டிஎன்ஏ பார்கோடு முறை: விலங்கின் மைட்டோகாண்ட்ரியாவில் சிஓ1 என்ற ஜீனில் சுமார் 650 எழுத்தைப் படித்தால் இனம் தெரிந்துவிடும். 56 துண்டுக்கு விடை வந்தது. அதில் 14, பலகையில் எழுதிய மீன் இல்லை. உயர்ந்த விலைக்கு வெள்ளைச் சூரை என்று விற்ற ஒரு துண்டு மொசாம்பிக் திலேப்பியா. நம் கண்மாயில் புரளும் ஜிலேபிக் கெண்டை! டிஎன்ஏவைப் படித்தது அந்தப் பெண்கள் இல்லை, பல்கலைக்கழகம்தான். ஆனாலும் அதை அவர்கள் ஆராய்ச்சி என்றுதான் உலகம் சொல்லிற்று. கேள்வி அவர்களுடையது, கடை ஏறி இறங்கிய கால் அவர்களுடையது.

இதை ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கேள்வி, மாதிரி சேகரிப்பு, டிஎன்ஏ பிரித்தெடுத்தல் பள்ளியில். பிசிஆரும் ஜெல்லும் காரைக்குடியில் ஒரு கல்லூரி லேபில், பிள்ளைகளே போய். எழுத்தைப் படிப்பது காசு வாங்கிச் செய்யும் இந்திய கம்பெனியில்; ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய். திரும்பி வருவதைப் பிள்ளைகளே திரையில் பார்த்து முடிவு கட்டுவது. நியூயார்க் பெண்கள் போலக் கனடாவுக்கு அனுப்புவது நமக்கு ஒத்து வராது: உயிரியல் பன்மைச் சட்டம், 2002 இருக்கிறது, உயிர்ப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி வாங்க வேண்டும். உள்நாட்டிலேயே இவ்வளவு மலிவாகும்போது அந்தத் தலைவலி எதற்கு?

போன வருஷம் கைக்காசில் இதை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். கேள்வி கொண்டுவந்தது நான் சொன்ன கடைசி பெஞ்சுப் பெண். "டீச்சர், கல்பாசி பாசியா, மரப்பட்டையா? எங்க ஆயா பாசிங்குது, கடைக்காரர் பட்டைங்கிறாரு." இரண்டும் இல்லை, அது லைக்கன், பாசியும் பூஞ்சையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர். புத்தகம் பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்று ஒரே பெயர் சொல்கிறது. அவள் அடுத்துக் கேட்டதுதான் கேள்வி: "அஞ்சு கடைல வாங்குனா அஞ்சும் அதேதானா?" எனக்குத் தெரியவில்லை. சரி, பார்ப்போம் என்றேன்.

ஐந்து கடைப் பாக்கெட், ஐந்து எண். கடை பெயர் எழுதவில்லை. பீங்கான் உரலில் அரைத்து, செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே விடும் சிடிஏபி கரைசல் ஊற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்தோம். கல்பாசி லேசில் மசியாது. மசிந்ததும் பழுப்புக் கூழாகி நூல் விடும். அந்தப் பிசினும் கறையும் பிசிஆர் நொதியைக் கட்டிப்போடும். கூடவே ஒரு பையன் லவங்கப்பட்டையில் முயன்றான். ஜெல்லில் நீல விளக்கைப் போட்டால் டிஎன்ஏ இருக்கும் இடம் பட்டையாக ஒளிர வேண்டும். "டீச்சர், பட்டைல பட்டை வரல" என்றான். அந்த வருஷத்தின் சிறந்த வாக்கியம் அது.

கல்பாசி ஐந்தில் இரண்டில் வெளிச்சம். வெறும் தண்ணீர் ஊற்றிய டியூப் இருட்டாகவே இருந்தது, நல்லவேளை; அதில் ஒளி வந்திருந்தால் எங்கள் கையே அழுக்கு என்று அர்த்தம். இரண்டையும் அனுப்பினோம். ஒன்பது நாளில் மெயில். ஏ, டி, ஜி, சி எழுத்துக்கு ஒரு நிறமாக வரும் மலைகள் ஒன்றில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன, படிக்கவே முடியவில்லை. இன்னொன்று தெளிவு. பிளாஸ்டில் போட்டால் ஆஸ்பெர்ஜில்லஸ். அதாவது, நாங்கள் அரும்பாடு பட்டுப் படித்தது கல்பாசியை இல்லை, மழைக்காலத்தில் பாக்கெட்டுக்குள் பூத்திருந்த பூஞ்சணத்தை. பூஞ்சைகளுக்கான ஐடிஎஸ் பகுதிப் பிரைமர் எந்தப் பூஞ்சை கிடைத்தாலும் நகல் எடுக்கும், அதற்குப் பாகுபாடு கிடையாது.

லேபில் உதவிக்கு வந்தவர், "விட்டுரும்மா, வேற சாம்பிள் பாப்போம்" என்றார். அந்தப் பெண் விடவில்லை. நோட்டில் எழுதினாள்: 'புதுப் பாக்கெட். லென்ஸில் பார்த்துச் சுத்தமான நுனி மட்டும். கழுவிய பிறகு அரை.' எனக்கு யாரும் சொல்லித் தராத வரி அது. அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. மிஷின் விலைக்கு இதை வாங்க முடியாது.

ஆனால் அந்த மூன்று வரியைச் செய்து பார்க்கக் காசு இல்லை. ஒரு தடவைக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருந்தேன். கண்காட்சிக்கு நாள் நெருங்கியது. பாதிக் கேள்வியோடு சார்ட் ஒட்டினோம். பரிசு வாழைப்பழ டிஎன்ஏவுக்குப் போயிற்று. அதை விடுங்கள். அந்தப் பெண் இப்போது பன்னிரண்டில் இருக்கிறாள். அவள் கேள்வி இன்னும் அவள் நோட்டில் இருக்கிறது. என் தப்பு அது.

கணக்கு

ஆகவே மூணு லட்சத்தை ஒரே நாளில் கரைக்காமல் மூன்று வருஷத்துக்கு நீட்டுகிறேன். முதல் வருஷம் ஒரே தடவை 60,000: மூன்று பிப்பெட், சின்ன சென்ட்ரிபியூஜ், வெந்நீர்த் தொட்டி, கை லென்ஸ், தெர்மாகோல் பெட்டி. அதோடு மூன்று வருஷமும் வருஷத்துக்கு 80,000. அதில் கல்லூரிக்கு நொதி, பிரைமர் செலவு, சொல்லித் தரும் ஆய்வு மாணவருக்கு ஒரு தொகை (ஓசியில் வாங்கும் உதவி இரண்டாம் மாதமே சலித்துவிடும்), கம்பெனிக்கு எழுத்தைப் படிக்கும் கட்டணம், பஸ், மதியச் சாப்பாடு. ஒவ்வொரு வருஷமும் அந்த எண்பதில் எஞ்சும் 20,000 தொடக் கூடாத பணம். அதற்கு மறுமுறைக் கணக்கு என்று பெயர். முதல் தடவை கெட்டுப்போனால் அதிலிருந்து எடுத்து இரண்டாம் தடவை செய்ய வேண்டும். கெடாவிட்டால்? கெடும், கவலைப்பட வேண்டாம்.

வரிசையும் மாறுகிறது. கல்பாசியில் ஆரம்பித்தது என் பேராசை. இந்த ஜூலையில் முதலில் மீன். அரிசி அளவு சதை போதும், டிஎன்ஏ தாராளமாக வரும், பிசினும் கறையும் இல்லை. தொண்டி, கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து காரைக்குடிக்கு வரும் மீன் முழுசாக இருக்கும்போது எங்கள் ஊர்ப் பெண்களை ஏமாற்ற முடியாது. வெட்டித் துண்டு போட்ட பிறகு எல்லாமே வஞ்சிரம்தான். அந்தத் துண்டுகளில் கை பழகிய பிறகு, செப்டம்பரில் கல்பாசி. அடுத்த வருஷம் மராட்டி மொக்கு. அது எந்த மரத்து மொக்கு என்று கடைத்தெருவில் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். செடிக்குச் சிஓ1 உதவாது, மிக மெதுவாக மாறும் ஜீன் அது. ஆர்பிசிஎல், மேட்கே என்ற பசுங்கணிக ஜீன்களை 2009-இல் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். லவங்கப்பட்டைப் பையன் பன்னிரண்டுக்குப் போய்விட்டான். அவன் நோட்டு அடுத்த குழுவுக்குப் போகும்.

கம்ப்யூட்டர் வழி இங்கே வாலாகச் சேர்கிறது. மெயிலில் வரும் வரிசையின் தொடக்கத்து முப்பது நாற்பது எழுத்தும் கடைசியும் கலங்கலாக இருக்கும், எதுவரை வெட்டுவது? நடுவில் ஓரிடத்தில் ஏவும் ஜியும் சம உயரத்தில் நிற்கும்; எது? நிரல் 'என்' என்று போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இரண்டு பிள்ளை தனித்தனியாகப் பார்த்து எழுதி, ஒத்துப்போகாவிட்டால் சண்டை போட்டுத் தீர்க்க வேண்டும். பதினைந்து சனிக்கிழமையில் மூன்றை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

இதன் பலவீனத்தையும் மறைக்கவில்லை. கல்லூரியின் தயவு வேண்டும். அங்கே துறைத்தலைவர் மாறினால் கதவு மாறலாம். அதனால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, தீசிஸ் கொடுக்கும் மாதங்களைத் தவிர்த்துத் தேதி குறித்திருக்கிறோம். பஸ்ஸில் இருபது பிள்ளைகளைக் கூட்டிப்போவது தனி வேலை. பத்துப் பத்தாகப் போவோம். மீன் கடைகளின் பெயர் எங்கேயும் வெளியே வராது. தப்பான பெயர் கடைக்காரர் வைத்ததா, ஏலத்திலேயே அப்படி வந்ததா என்று டிஎன்ஏ சொல்லாது.

இதையெல்லாம் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். மறுநாள் போன். "எல்லாம் சரி டீச்சர். மிஷினே இல்லைன்னா போர்டை எங்க மாட்டுறது?" சிரிக்காமல் கேட்டார், நானும் சிரிக்காமல் யோசித்தேன். நியாயமான கேள்வி. இந்த ஊர் கொடுத்துப் பழகியது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் 1948-இல் நேரு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1953-இல் திறந்த கட்டடம் இன்றும் காரைக்குடியில் நிற்கிறது. கெட்டுப்போகும் சோதனைக்குப் பணம் ஒதுக்கினேன் என்று எந்தக் கல்லில் வெட்டுவது?

பிறகு அவர் அப்பச்சியின் கடைக் கணக்கை இழுத்தேன். "பேரேட்டில் வாராக்கடன்னு ஒரு பத்தி இருந்துச்சுல்ல? அதை எழுதாம யாராவது தொழில் பண்ணினாங்களா?" கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அந்த இருபதாயிரத்தை முப்பதாக்கிக்கங்க டீச்சர். மிச்சம் பத்துப் பத்து நான் தனியாப் போடுறேன். போர்டு வேணாம், அந்தப் பொண்ணோட நோட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை முதல் வண்டி. மார்க்கெட்டில் ஒரு மீன்காரரிடம் எதற்கு என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கேட்டோம். பெட்டிக்கு ஐஸ் இனாமாகத் தருகிறேன் என்றார். வஞ்சிரத் துண்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட வேண்டுமாம்.